ஈரலில் நேரம் பார்த்தவர்கள்

(இணையவழிக் கூடுகையில் நேரலையாக ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)

இலக்கியக் கூட்டத்தில் சிடி ஸ்கேனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பயந்தால் நமக்கு ஈரக்குலை நடுங்குகிறது. பிள்ளைக்கு ஒன்று என்றால் தாய்க்கு ஈரக்குலை பதறுகிறது. இதயத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு ஈரலைப் பற்றி எழுதப்படவில்லை. ஆனால் அச்சத்தையும் பாசத்தையும் நம் ஊர்ப்பேச்சு ஈரலில்தான் வைத்திருக்கிறது. அந்த உறுப்பில் வரும் புற்றுநோயை மனிதர்கள் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் செவிலியர் பட்டயம் படித்தவள், கதிரியக்க மருத்துவர் அல்ல. கையில் ஊசி போடுகிற பக்கத்திலிருந்து பார்த்த வரலாறு என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரலைப் பார்த்து முடிவு சொல்வது மிகப் பழைய தொழில். பாபிலோன் ராஜா இரண்டு வழிகள் பிரியும் இடத்தில் நின்று, எந்தப் பக்கம் படையெடுப்பது என்று ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி கேட்பதை எசேக்கியேல் 21ஆம் அதிகாரத்தில் படிக்கலாம். அப்படிக் குறி பார்க்கப் பழகுவதற்காகக் களிமண்ணில் செய்த ஈரல் மாதிரி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பலன் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பூசாரிகள் ஈரலில் இடம் பார்த்தார்கள். எந்தக் கட்டத்தில் புள்ளி, எந்தப் பக்கத்தில் கீறல் என்பதே அவர்களுடைய கேள்வி. நம் காலத்து மருத்துவர்கள் அதோடு நேரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் என்பதோடு, எந்த நொடியில் என்றும் கேட்கிறார்கள்.

காரணம் ஈரலின் அமைப்பு. உடம்பின் மற்ற உறுப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே வரத்துதான், தமனி வழியாக. ஈரலுக்கு இரண்டு. குடலில் உறிஞ்சிய சத்தைச் சுமந்துகொண்டு போர்ட்டல் சிரை வருகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் வழியாகத்தான். மீதிக் கால் பங்கு இதயத்திலிருந்து நேராக ஈரல் தமனி வழியாக வருகிறது. இரண்டு மடையில் தண்ணீர் பாயும் வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுக்கட்டி இந்த வயலில் ஒரு திருட்டுப் பயிர். வளர வளர அது போர்ட்டல் மடையை விட்டுவிட்டுத் தமனி மடையிலிருந்து தனக்கென்று தனி வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. ஈரல் கட்டிகள் தமனி ரத்தத்தில்தான் பெரும்பாலும் வாழ்கின்றன என்று பிரீடிஸ், யங் என்ற இரு ஆய்வாளர்கள் 1954இல் விரிவாக எழுதினார்கள். அப்போது சிடி ஸ்கேன் என்ற ஒன்றே கிடையாது. ஆனால் பின்னால் வந்த எல்லாமே அந்த உண்மையின் மேல்தான் கட்டப்பட்டது.

ஒரு வயலில் எந்தப் பயிர் எந்த மடையில் குடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், தண்ணீரில் சாயம் கலந்து விட்டுப் பார்க்கலாம். தமனி மடையில் சாயம் முதலில் வரும். அந்தச் சமயத்தில் பார்த்தால் திருட்டுப் பயிர் மட்டும் பளிச்சென்று நிறம் மாறி நிற்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் போர்ட்டல் மடையிலும் சாயம் வந்து, வயல் முழுக்க நிறம் ஏறி, திருட்டுப் பயிர் அதில் கலந்து மறைந்துவிடும். இன்னும் பொறுத்தால் வயலில் சாயம் தங்கி நிற்க, திருட்டுப் பயிரில் மட்டும் சாயம் வடிந்து கறுத்துத் தெரியும். ஆக, பார்க்க வேண்டிய நேரங்கள் மூன்று. மருந்து ஏற்றத் தொடங்கிச் சுமார் 35 நொடியில் தமனிக் கட்டம், 70 நொடியை ஒட்டிப் போர்ட்டல் கட்டம், 3 முதல் 5 நிமிடத்துக்குள் தாமதக் கட்டம். முதலில் பளிச்சிட்டு, பிறகு கறுப்பது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஈரல் புற்றின் கையெழுத்து.

இதைக் கண்டுபிடிக்க மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. சாயம் வேண்டும், அது உடம்பில் ஓடும் வேகம் தெரிய வேண்டும், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கேமரா வேண்டும்.

சாயம் தற்செயலாகக் கிடைத்தது. மேகநோய்க்கு அந்தக் காலத்தில் அயோடின் உப்பை ஊசியாகப் போட்டார்கள். அந்த நோயாளிகளின் எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பை வெள்ளையாகத் தெரிவதை 1923இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் எழுதினார்கள். அயோடின் அணு கனமானது, எக்ஸ்ரேயை மறிக்கும். 1929இல் மோசஸ் ஸ்விக் என்ற அமெரிக்க இளைஞர் ஜெர்மனியில் வேலை செய்தபோது, சிரையில் ஏற்றக்கூடிய பாதுகாப்பான அயோடின் சேர்மம் ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் பல பத்தாண்டுகள் இந்த மருந்துகள் நோயாளியைப் படுத்தின. ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவான கரைசல் என்பதால் எரிச்சலும் வாந்தியும் வரும். சுவீடனைச் சேர்ந்த டோர்ஸ்டன் அல்மேன் என்ற கதிரியக்க மருத்துவர் நோயாளிகள் வலியில் துடிப்பதைக் கண்டு, அயனியாகப் பிரியாத மூலக்கூறாக மருந்தைச் செய்தால் செறிவு குறையுமே என்று 1960களின் இறுதியில் யோசித்தார். பெரிய கம்பெனிகள் பலவும் கைவிரிக்க, நார்வேயின் நைகார்ட் நிறுவனம் அதை ஏற்றது. இன்று நாம் ஏற்றும் அயோஹெக்ஸால் அந்த வழியில் வந்ததுதான். மருந்து ஏறும்போது தொண்டையில் ஒரு சூடு, கீழே சிறுநீர் கழித்துவிட்டதுபோல ஒரு வெதுவெதுப்பு. இப்போது பெரும்பாலோருக்கு அவ்வளவுதான் தொந்தரவு. வினாடிக்கு 4, 5 மில்லி என்று வேகமாக ஏற்ற முடிவதும் இந்தச் சாந்தமான மருந்தால்தான். மெல்ல ஏற்றினால் சாயம் நீர்த்துப்போய், தமனிக் கட்டம் என்று ஒன்றே உருவாகாது.

இரண்டாவது, வேகம். கையில் ஏற்றியது எத்தனை நொடியில் எங்கே போகிறது? 1920களில் பாஸ்டனில் ஹெர்மன் புளும்கார்ட் என்ற மருத்துவர் ஒரு கையின் சிரையில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது மறு கைக்கு வந்து சேரும் நேரத்தை அளந்தார். சராசரி 18 நொடி. கதிரியக்கத்தை மனித உடம்பில் தடம் பார்க்கப் பயன்படுத்திய ஆரம்பகால முயற்சிகளில் இது முக்கியமானது. 1930களில் இன்னும் எளிய வழி ஒன்று வந்தது. கையில் சாக்கரின் கரைசலை ஏற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நோயாளி "இனிக்கிறது" என்று சொன்னதும் கடிகாரத்தை நிறுத்துவார்கள். கையிலிருந்து நாக்குக்குப் போன நேரம் அது. இதயம் பலவீனமானவர்களுக்கு இனிப்பு தாமதமாக வந்தது. ஆளுக்கு ஆள் ரத்தத்தின் நேரம் வேறு என்பதை ஒரு நாக்கும் ஒரு கடிகாரமும் நிரூபித்துவிட்டன. இந்த எளிய சோதனையை மருத்துவம் பிறகு மறந்துவிட்டது. அது சொன்ன உண்மையை மட்டும் மறக்க முடியவில்லை.

மூன்றாவது, கேமரா. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அவர் இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லெட்லி, உடம்பு முழுவதையும் எடுக்கும் கருவியைச் சில ஆண்டுகளிலேயே செய்தார். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு. ஆனால் ஆரம்பகாலக் கருவிகள் ஈரலைப் பொறுத்தவரை மிக மெதுவானவை. ஒரு துண்டுப் படம் எடுத்து, நிறுத்தி, நோயாளியை மூச்சு விடச் சொல்லி, மேசையை நகர்த்தி, அடுத்த துண்டு. ஈரலின் மேலிருந்து கீழ்வரை வருவதற்குள் ஓரிரு நிமிடம் போய்விடும். தமனிக் கட்டம் சில நொடிகளே நீடிப்பது. மேல்பாதியில் சாயம் பளிச்சிடும்போது எடுத்தால், கீழ்பாதிக்கு வருவதற்குள் வயல் முழுக்க நிறம் ஏறிவிடும். கட்டி கீழே இருந்தால் அது தப்பித்துக்கொள்ளும்.

1989இல் ஜெர்மனியின் வில்லி காலெண்டர் சுருள்முறை ஸ்கேனை அறிமுகப்படுத்தினார். எக்ஸ்ரே குழாய் நிற்காமல் சுற்ற, மேசையும் நிற்காமல் நகரும். முறுக்குப் பிழிவதுபோல ஒரே சுற்றோட்டத்தில் ஈரல் முழுவதும், ஒரே மூச்சில். அதற்குப் பிறகுதான் தமனிக் கட்டத்தைத் தனியாக எடுப்பது நடைமுறைக்கு வந்தது. 1995இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர்கள் 1.5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டிகளை ஆராய்ந்தார்கள். போர்ட்டல் கட்டத்தில் கண்ணுக்கே படாத சில கட்டிகள் தமனிக் கட்டத்தில் தெரிந்தன. அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆய்வுகளும் அதையே சொன்னன. 1998இல் ஒரே சுற்றில் 4 துண்டுகள் எடுக்கும் கருவிகள் வந்தபிறகு, அரை நிமிடத்துக்குள் எந்த நொடி என்ற கேள்வியும் எழுந்தது. தமனியில் சாயம் நுழைந்த உடனே எடுப்பதா, சில நொடி பொறுத்து எடுப்பதா? சில நொடி பொறுப்பதே சரி என்று முடிவானது. சாயம் தமனிக்கு வந்தாலும் கட்டிக்குள் ஊற அதற்கு நேரம் வேண்டும்.

இங்கேதான் சாக்கரின் சொன்ன பாடம் திரும்ப வந்தது. எல்லோருக்கும் 35 நொடி என்று கடிகாரம் வைத்தால், இதயம் தளர்ந்த எழுபது வயதுக்காரருக்கு அந்த நொடியில் சாயம் ஈரலையே எட்டியிருக்காது. ஆகவே இப்போது கருவியே பெருந்தமனியில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாயம் அங்கே குறிப்பிட்ட அளவை எட்டியதும், அதிலிருந்து பதினைந்து இருபது நொடி எண்ணிப் படமெடுக்கிறது. அந்த நோயாளியின் இதயம் வைத்த நேரம் அது. எடுத்த படத்திலும் நேரம் பதிவாகியிருக்கும். ஈரல் தமனி வெளிச்சமாக, போர்ட்டல் சிரையில் லேசாகச் சாயம் வந்திருக்க, ஈரலைவிட்டு வெளியேறும் சிரைகளில் இன்னும் சாயம் வராமல் இருந்தால் சரியான நொடியில் எடுத்த படம் என்று மருத்துவர் கண்டுகொள்வார்.

இவ்வளவு கருவிகளுக்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. முழங்கை மடிப்பில் நல்ல சிரையில் 18 அல்லது 20 அளவு கேனுலா உறுதியாக நிற்க வேண்டும். புறங்கையில் மெல்லிய ஊசி போட்டு அனுப்பினால் அந்த வேகம் தாங்காது. மெதுவாக ஏற்ற நேரிடும், அல்லது மருந்து தோலுக்கடியில் கசிந்து கை வீங்கும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதை நோயாளிக்குப் புரியும் மொழியில் முன்பே சொல்லிப் பழக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டி ஒலிபெருக்கியில் வரும் கட்டளை புரியாமல் அந்தப் பத்து நொடியில் மூச்சு விட்டுவிட்டால் படம் கலங்கிவிடும். அந்த நொடி திரும்பி வராது.

இதில் ஒரு நொடி தவறினால் என்ன ஆகும்? மற்றப் புற்றுநோய்களில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்த பிறகே பெயர் சொல்வார்கள். ஈரலில் ஊசி குத்தினால் ரத்தம் கசியும் அபாயமும் ஊசித்தடத்தில் புற்று பரவும் அபாயமும் உண்டு. ஆகவே 2000இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய நிபுணர்கள், ஈரல் சுருங்கிய நோயாளிகளுக்குக் குறிப்பிட்ட சூழலில் படத்தை வைத்தே புற்று என்று சொல்லலாம் என்றார்கள். 2005இல் அமெரிக்க வழிகாட்டுதலும் அதே பாதையில் வந்தது. 2011இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி லை-ராட்ஸ் என்ற முறையை வெளியிட்டது. அதில் 1 முதல் 5 வரை தரம் உண்டு. 5 என்றால் சந்தேகமில்லாத ஈரல் புற்று. தமனிக் கட்டத்தில் பளிச்சிடுதல் இல்லாமல் 5 என்ற தரம் கிடைக்காது.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள், 5 சென்டிமீட்டருக்கு மிகாத ஒரு கட்டியோ, ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மிகாத மூன்று கட்டிகள் வரையோ இருந்தால் ஈரல் மாற்று சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்று காட்டினார்கள். 2001இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்த எல்லையைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று, ஒரு கட்டியானால் 6.5 சென்டிமீட்டர் வரை என்றார்கள். 2002 பிப்ரவரியில் அமெரிக்கா, காத்திருப்போர் வரிசையை மெல்ட் என்ற மதிப்பெண்ணால் அமைத்தது. நோயின் கடுமைதான் அதில் மதிப்பெண். எல்லைக்குள் இருக்கும் புற்றுநோயாளிக்குக் கூடுதல் சலுகை உண்டு, அந்தச் சலுகைக்கு ஆதாரம் படம். மருந்தை எந்த வேகத்தில் ஏற்ற வேண்டும், எந்தெந்தக் கட்டங்களை எடுக்க வேண்டும் என்று உறுப்புப் பகிர்வு விதிகளே சொல்கின்றன. ஒரு மருத்துவப் படத்தின் நொடிக்கணக்கு ஒரு நாட்டின் பங்கீட்டு விதியில் ஏறியது அபூர்வமான செய்தி. தவறான நொடியில் எடுத்த படத்தால் ஒருவர் வரிசையில் பின்தங்கலாம். அவர் காத்திருப்பார், கட்டி காத்திருக்காது.

நொடிகளின் வரலாறு இதுவரை. இனி ஆண்டுகளின் வரலாறு. அதில் நியூ ஜெர்சி, கலிபோர்னியா, டெக்சஸ் மூன்றும் வருகின்றன, சென்னையும் வருகிறது.

நியூ ஜெர்சியிலிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. அங்கே ஃபாக்ஸ் சேஸ் மையத்தில் பாரூக் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்ட புரதத்தைப் பின்தொடர்ந்து ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்தார். 1976இல் அவருக்கு நோபல் பரிசு. இந்தக் கிருமிக்கும் ஈரல் புற்றுக்கும் உள்ள உறவை எண்ணிக்கையில் நிறுவியவர் பால்மர் பீஸ்லி. தைவானில் 22,707 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஈரல் புற்றால் இறந்த 41 பேரில் 40 பேர் கிருமியைச் சுமந்தவர்கள். சுமக்காதவர்களைவிட ஆபத்து 223 மடங்கு என்று 1981இல் எழுதினார். 1987இல் அவர் டெக்சஸுக்கு வந்து, ஹூஸ்டனில் பொதுச் சுகாதாரக் கல்லூரியின் தலைவரானார். அதே 1981இல் நியூ ஜெர்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மெர்க் நிறுவனத்தின் முதல் தடுப்பூசி அனுமதி பெற்றது. 1986இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வில்லியம் ரட்டரும் அவர் தொடங்கிய கைரான் நிறுவனமும் செய்த ஆராய்ச்சியால், ஈஸ்டில் வளர்க்கும் மறுசேர்க்கைத் தடுப்பூசி வந்தது. மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட அந்த வகைத் தடுப்பூசிகளில் அதுவே முதல்.

சென்னையின் பங்கு கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் புளும்பெர்க்கோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிகள் அரைத்துக் கொடுத்த செடி உலகின் கவனத்துக்கு வந்த நேரம் அது. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நமக்கு இது வருத்தம்தான். ஆனால் நல்ல கேள்வியைச் சரியாகக் கேட்டுப் பார்த்த நம்மூர் ஆய்வு என்ற மரியாதை அதற்கு உண்டு. கீழாநெல்லியை மட்டும் நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் 1991இலிருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்டது. இந்தியாவின் பொதுத் திட்டத்தில் இது 2002 வாக்கில் சில இடங்களில் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுவதும் வந்தது. அதாவது இந்தக் கூட்டத்தில் இருக்கும், அங்கே பிறந்து இங்கே வந்த நம்மில் பெரும்பாலோர் தடுப்பூசி இல்லாத குழந்தைப் பருவத்தினர். பிறப்பின்போது தாயிடமிருந்து வந்த கிருமி நாற்பது ஆண்டுகள் சத்தமே போடாமல் இருக்கும். 1996இல் ஸ்டான்ஃபோர்டில் ஆசிய ஈரல் மையத்தைத் தொடங்கிய சாமுவேல் சோ என்ற அறுவைசிகிச்சை நிபுணர் இதைத்தான் ஊர் ஊராகச் சொன்னார். 2007இல் சான் பிரான்சிஸ்கோ நகரமே ஹெபடைட்டிஸ் பி இயக்கம் நடத்தியது. அந்த இயக்கங்கள் பெரும்பாலும் சீன, வியட்நாமிய, கொரியச் சமூகங்களில் வேரூன்றின. நம் சங்கங்களின் பொங்கல் விழாக்களில் ரத்த அழுத்தம் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம். இதையும் பார்க்கலாம். 2023இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், வயது வந்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது.

டெக்சஸ் சொல்லும் பாடம் வேறு. அமெரிக்காவில் ஈரல் புற்று 1970களின் இறுதியில் லட்சத்துக்கு 1.4 என்றிருந்தது, 1990களின் முதல் பாதியில் 2.4 ஆனது என்று ஹாஷெம் எல்-செராக் 1999இல் எழுதினார். பின்னாளில் அவர் ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். அந்த உயர்வில் ஹெபடைட்டிஸ் சி பெரும்பங்கு. பிறகு சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் சேர்ந்துகொண்டன. குடிக்காதவருக்கு ஈரல் கெடாது என்ற நம் நம்பிக்கை அங்கே உடைந்தது. ஈரல் சுருங்கியவர்களும், ஆபத்து அதிகமுள்ள ஹெபடைட்டிஸ் பிக்காரர்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்ய வேண்டும் என்பது விதி. டாலஸின் அமித் சிங்கல் போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார்கள். ஆனால் 2021இல் வந்த தொகுப்பாய்வின்படி, ஈரல் சுருங்கியவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் அது நடக்கிறது. நொடியை அளக்கக் கற்ற மருத்துவத்தால் 6 மாதத்தை ஒழுங்காக எண்ண முடியவில்லை.

நடைமுறைக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வயிற்றுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால் பெரும்பாலும் எடுப்பது 70 நொடியின் ஒரே ஒரு கட்டம். அந்த அறிக்கையில் ஈரலில் ஒன்றுமில்லை என்றிருந்தால், அந்த நொடியில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, ஈரல் சுருக்கம் ஏதேனும் உள்ளவர்கள் அதை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. "இது எல்லாக் கட்டங்களும் எடுத்த ஈரல் ஸ்கேனா?" என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அப்பா அம்மாவை அழைத்துப் போகும்போது இதயநோய், சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். கையில் நல்ல சிரை எது என்று அவர்களுக்கே தெரியும், அதையும் சொல்லச் சொல்லுங்கள்.

2022இல் ஷாங்காய் நகரம் முடக்கப்பட்டபோது அங்கிருந்த ஒரு தொழிற்சாலை நின்று, அமெரிக்க மருத்துவமனைகள் பல வாரங்கள் சாய மருந்தை அளந்து அளந்து செலவழித்தன. ஒரு பொறியாளர், ஒரு வேதியியலாளர், ஒரு சாக்கரின் ஊசி, உலகின் மறுமூலையில் ஒரு தொழிற்சாலை, மூச்சைப் பிடித்துக் கிடக்கும் ஒரு மனிதர் எல்லோரும் சேர்ந்துதான் அந்த நொடியை உண்டாக்குகிறார்கள். ஆனால் அந்த நொடிக்காக நாற்பது ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சிறிய குப்பி ரத்தத்தில் தெரிந்துவிடும் செய்தி அது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.